விளக்கு எரிந்ததும் சொல்லவும்

“சார், சோதனை ரூம் கம்ப்யூட்டரை மாத்தணும். பழசைத் தூக்கிப் போட்டுட்டு புது ஓ.எஸ்., புது சாஃப்ட்வேர் போடணும். இந்த வாரமே.”

கேட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வரவேற்பு பார்க்கிற முன்மேசை அக்கா என்னைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்ன ஒரே புத்திமதி இதைக் கேட்காதே என்பதுதான். “சம்பளம் கூட்டிக் கேளு, லீவு கேளு, வேணும்னா சாரோட நாற்காலியையே கேளு. அந்தக் கம்ப்யூட்டரை மாத்தச் சொல்லி மட்டும் கேட்டுடாத. உனக்கு முன்னாடி இருந்தவ கேட்டா. மறுநாளு அவ டீ கப்பு மட்டும்தான் இங்க இருந்துச்சு.”

அந்தக் கப்பில்தான் நான் பதினோரு மாதமாக டீ குடிக்கிறேன்.

சார் பேனாவை மூடினார். இந்தக் காது சோதனை நிலையம் அவருடையது. மெதுவாகப் பேசுகிற மனிதர். காது கேட்காதவர்களிடம் பேசிப் பேசி, எல்லோரிடமும் முகத்துக்கு நேராக உதட்டைத் தெளிவாக அசைத்துப் பேசுவார். கோபப்படுவார் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். கோபத்துக்குக் கோபம் எனக்கு நன்றாக வரும். அவருக்குக் கோபமே வரவில்லை.

“ஓடுதில்ல?” என்றார். 

“ஓடுது சார்.”

“ஓடுறதை எதுக்கும்மா மாத்தணும்?”

“நேத்து அது ஓடினதுதான் சார் பிரச்சினையே. நின்னு போயிருந்தா தப்பிச்சிருப்போம்.”

நேற்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

சொல் சோதனை என்று பெயர். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டிவிடுவோம். பதிவு செய்த குரல் ஒன்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும். போகப் போகச் சத்தம் குறையும். காதில் விழுந்த சொல்லை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் வெளியே கணினி முன்னால் உட்கார்ந்து சரி, தப்பு என்று தட்டுவேன். மொத்தம் இருபத்தைந்து சொற்கள். ஒவ்வொரு சொல் முடிந்ததும் உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அதன் கீழே ஒட்டியிருக்கும்: ‘விளக்கு எரிந்ததும் சொல்லவும்.’

எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரும்புத் தொழிற்சாலை ஆட்கள். வருடத்துக்கு ஒரு முறை, காது நன்றாகக் கேட்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் இயந்திரத்தில் ஏற முடியும். எழுதிக் கொடுக்கிறது நான். கீழே என் கையெழுத்து, பக்கத்தில் என் பதிவு எண். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் ‘பெற்றோர் கல்வி’ என்ற கட்டத்தில் எல்லா வருடமும் கோடு போட்டே வளர்ந்தவள் நான். அந்த ஆறு இலக்க எண்ணை வாங்கின அன்று என் அப்பா அதைப் பீடிக்கட்டு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கும் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்குக் கீழே, உயரத்தில் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து இரும்புப் பாளங்களைத் தூக்கி ஆட்களின் தலைக்கு மேல் கொண்டு போக வேண்டும். கீழே நிற்கிறவர் விசில் அடித்தால் நிறுத்த வேண்டும்.

கணினி விஷயத்துக்கு வருகிறேன். அதில் இருக்கிற ஓ.எஸ்.ஸை உருவாக்கினவர்களே அதைக் கைகழுவிப் பல வருடம் ஆகிறது. காலையில் உயிர்ப்பித்தால், தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி சத்தம் போட்டு, எட்டு நிமிடத்தில் எழுந்திருக்கும். திரையில் சாருடைய மனைவியின் பெயர் வரும். அதைச் சொடுக்கினால்தான் உள்ளே போக முடியும். கடவுச்சொல் கிடையாது. செத்துப்போனவர் வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிற மாதிரி தினமும் நுழைவேன். உடனே ஒரு கட்டம் முளைக்கும். ‘இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது.’ கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போது புதுப்பி’, ‘பிறகு நினைவூட்டு.’ பதினோரு மாதமாகப் பிறகு நினைவூட்டச் சொல்லி வந்தேன். அதுவும் சலிக்காமல் நினைவூட்டியது.

அந்தக் குரலும் அந்தம்மாவுடையதுதான். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம்.

மரம். கடல். படி. வாசல். ஒவ்வொரு சொல்லையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நிறுத்தி வைத்துச் சொல்வார். பதினேழாவது சொல் ‘மழை’. அதற்கப்புறம் தொண்டையில் ஒரு சின்னச் செருமல், அதை அடக்க முயன்று முடியாமல் ஒரு இருமல், நாற்காலி நகரும் சத்தம். பிறகு ‘நகம்’. கடைசியில் ‘வீடு’. அப்புறம் ‘போதும்’ என்பார். ஐந்து பட்டியல் பதிவு செய்வதாகத்தான் இருந்ததாம். ஒன்று முடிந்தது. மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்களாம்.

ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள். சோதிக்கிறவளும் ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு கூடவே கேட்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் கேட்டேன். பேருந்துக்கு நிற்கும்போது பின்னால் ‘படி’ என்று கேட்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். பல் தேய்க்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருந்து ‘குடை’ என்பார். ஒரு நாள் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட குரலுக்கு நான் “சாப்பிட” என்று திருப்பிச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் அந்தக் காதுக் கருவியைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா, அது போதும் என்று வேலை பார்த்தேன். அது என் தப்பு. அதை யார் தலையிலும் நான் கட்டவில்லை.

நேற்று, திங்கட்கிழமை. ஞாயிறன்று மின்சாரம் போய் வந்ததில் கணினிக்குள் ஏதோ புரண்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. கோடு ஏறி இறங்கியது, விளக்கு எரிந்தது. வரிசையாக ஒன்பது பேர் வந்தார்கள். மரம், கடல், படி. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து, இருபத்தி நாலு, இருபத்தைந்து. கையெழுத்து, பதிவு எண், அடுத்தவர்.

பத்தாவது ஆள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். முதல் தடவை வருகிறாள். விளக்கு எரிகிறது, எரிகிறது, அவள் பேந்தப் பேந்த முழிக்கிறாள். பாவம், இந்த வயசில் காது இப்படிப் போய்விட்டதே என்று நினைத்துத் தப்பு, தப்பு, தப்பு என்று தட்டிக்கொண்டே போனேன். எட்டாவது சொல்லில் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கண்ணாடியைத் தட்டினாள்.

“அக்கா, எப்ப ஆரம்பிப்பீங்க?”

உள்ளே போய் ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. இரைச்சல்கூட இல்லை. கண்ணாடி அறைக்குள் அந்த மாதிரி அமைதியில் நம் ரத்தம் ஓடுகிற சத்தம் நமக்கே கேட்கும். கண்ணெதிரே பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. யாரோ எனக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

காலையிலிருந்து சத்தமே வரவில்லை. ஒன்பது பேர் ஒன்றுமில்லாததைக் கேட்டு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிறவள் ஒருத்திதான் தோற்றாள்.

இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “சத்தம் வரலைன்னா சிஸ்டம்காரரைக் கூப்பிட்டுச் சரி பண்ணிக்கலாம். அதுக்கு எதுக்கு எல்லாத்தையும் மாத்தணும்?” என்றார்.

“சார், பட்டியல் ஒண்ணே ஒண்ணுதான். பன்னிரண்டு வருஷமா அதேதான். மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. சத்தம் வந்தாலும் ஒண்ணுதான், வரலைன்னாலும் ஒண்ணுதான். புதுசுல நாற்பது பட்டியல் இருக்கு. ஆளுக்கு ஆள் கலைச்சுப் போட்டுச் சொல்லும்.”

“சொல்லுறது யாரு?”

“யாரோ ஒருத்தர் சார். குரல்.”

“யாரோ ஒருத்தர்,” என்றார். பேனாவைத் திறந்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புதன்கிழமை சிஸ்டம்காரர் வந்தார். வாயில் எப்போதும் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு பேசுகிறவர். பத்து நிமிடத்தில் சத்தத்தை வரவழைத்துவிட்டார். ‘மரம்’ என்றார் அந்தம்மா, எதுவுமே நடக்காத மாதிரி.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இதுக்குப் புது ஓ.எஸ். போடுறது பிரயோசனமா, இல்லையா?”

“எதுக்குக் கேக்குற? பாட்டு கேக்கவா, படம் பாக்கவா?” திருகாணியைக் கையில் எடுத்தார். “வீட்டுல சும்மா கடுதாசி அடிக்கிறவன் கேட்டான்னா, போப்பா, பழசே போதும்னு சொல்லுவேன். புதுசுன்னா எல்லாம் ஒசத்தின்னு இல்ல. பாதிப் பேரு புதுசு போட்டுட்டு, பொத்தானை எங்க ஒளிச்சு வச்சான்னு தேடிட்டு எனக்குப் போன் பண்றான். ஆனா இது வேற. இந்தப் பெட்டி செத்து ரொம்ப நாளாச்சு. அதுகிட்ட யாரும் சொல்லல, அதனால நடந்துட்டிருக்கு.”

“புதுசுல இந்தக் குரலைக் கொண்டு போக முடியாதா?”

“இந்த சாஃப்ட்வேர் எழுதின கம்பெனியையே மூடிட்டாங்க. புது ஓ.எஸ்.ல இது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. குரலைத் தனியா ஒரு ஒயரைப் போட்டு இழுத்து போன்ல ஏத்தித் தரலாம். கேக்கலாம். சோதனை பண்ண முடியாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் சார்கிட்ட இதை அஞ்சு வருஷம் முன்னாடியே சொன்னேன். வேணாம்னுட்டாரு. நீயும் விட்டுரு. ஊதுற சங்கை ஊதியாச்சு.”

எனக்கு விடத் தெரியாது. அதே வேகத்தில் சாரிடம் போனேன். “சார், குரலைப் போன்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க புதுசு போட்டுக்கலாம். உங்களுக்கும் நஷ்டமில்ல, எங்களுக்கும் நஷ்டமில்ல.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். எப்போதும் முகத்துக்கு நேராகப் பேசுகிறவர், அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார்.

“வீட்டுல வச்சுக் கேக்கலாம்மா. கேட்டுப் பாத்திருக்கேன். அவ ‘மரம்’னு சொல்லுவா. அங்க யாரு இருக்கா பதில் சொல்ல? இங்க ஒரு நாளைக்கு முப்பது பேரு அவளுக்குப் பதில் சொல்றாங்க.”

 எனக்கு வந்தது இரக்கமா பயமா தெரியவில்லை. இரண்டும் வந்தால் எனக்கு எரிச்சல்தான் வெளியே வரும். “அவங்க பதில் சொல்லல சார். ஒப்பிக்கிறாங்க,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை. அப்பா சுவரில் மாட்டின கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் டீயை வைக்கப் பக்கத்தில் போனேன். நுரைக்குள் உதடு அசைந்தது.

“...செருப்பு. குடை. மழை.”

கத்தியை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். ஒரு முறை இருமினார். “நகம்,” என்றார்.

டீயைத் தரையில் வைத்தேன். அப்பாவுக்குச் சளி இல்லை, புகையையும் விட்டுவிட்டார். அந்த இருமல் அவருடையது இல்லை. எனக்கு அந்த இருமலைத் தெரியும். அதற்கப்புறம் நாற்காலி நகர வேண்டும்.

“அப்பா.”

திரும்பவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். 

“அப்பா!” தோளைத் தொட்டேன். 

“ஏய், கத்தி கையில இருக்கு! மெதுவா வந்தா என்ன?”

“நாலு தடவை கூப்பிட்டேன்.”

“என்னது?”

“நாலு தடவை கூப்பிட்டேன்னு சொன்னேன்!” தெருவுக்கே கேட்டிருக்கும்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. வேணும்னேதான் திரும்பல.” சிரித்தார். பல வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் நகைச்சுவை.

“இதை யாரு சொல்லிக் குடுத்தா? இந்தச் சொல்லெல்லாம்?”

“எனக்கு முன்னாடி கூண்டுல இருந்தவரு. ரிட்டையர் ஆகும்போது சாவியையும் குடுத்தாரு, இதையும் குடுத்தாரு. அவருக்கு வேற யாரோ. ஷெட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

“நடுவுல எதுக்கு இருமுறீங்க?”

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “அவரு அப்படித்தான் சொன்னாரு. மழைக்கப்புறம் ஒரு இருமல், அப்புறம் நகம். இல்லாட்டி விளக்கு தப்பிப் போயிடும்னாரு. இருமினாச் சரியா வருது.”

கண்ணாடி அறைக்குள் பல பேர் இருமுவதை நானே பார்த்திருக்கிறேன், இரும்புத் தூசி என்று நினைத்திருந்தேன். அந்த ஷெட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அத்தனை தொண்டைகளிலும் செத்துப்போன ஒருத்தர் ஒரே மாதிரி இருமிக்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

“தப்பு இல்லையாப்பா இது?”

“நீ பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணல? விடிய விடிய கத்துவியே. இந்த வீட்டுல நீ மட்டும்தான் பாஸாகணுமா?” துண்டால் முகத்தைத் துடைத்தார். “நாளைக்கு என் முறை. நீதானே உட்காருவ? நல்லதாப் போச்சு பாப்பா. வெளியாளு உட்கார்ந்தா கொஞ்சம் படபடன்னு வரும்.”

“போன மாசம் அந்த விசில்...”

“அது ஒண்ணும் ஆகல.”

போன மாதம் நடந்ததை அவர் ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொல்லியிருந்தார். கீழே நின்ற வெல்டர் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருக்க, விசில் அடித்தவர் அடித்துக்கொண்டே இருக்க, பாளம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்றாவது ஆள் ஒருவர் சட்டையைக் கழற்றி ஆட்டினதை அப்பா பார்த்து நிறுத்தினாராம். வெல்டரின் தலைக்கவசத்துக்கும் பாளத்துக்கும் நடுவில் ஒரு சாண். “தலைவர் தலைக்கு மேல கூரை போட்டுட்டேன்” என்று சொல்லி அப்பா சிரித்தார். சிரிக்கும்போது கையிலிருந்த தம்ளர் தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்தது. அவருக்கு அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

காது போனது தெரிந்தால் கூண்டிலிருந்து இறக்கித் தரை பெருக்கப் போடுவார்கள். அல்லது வீட்டுக்கு. அந்தக் கூண்டில் உட்கார்ந்துதான் என்னைப் படிக்க வைத்தார். அங்கே காதைக் கொடுத்து இங்கே என் எண்ணை வாங்கினார். அதே எண்ணைப் போட்டு அவரைக் கீழே இறக்க வேண்டும். எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள், அது நன்றியாகத் தெரியாது. 

பேருந்தில் உட்கார்ந்து தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை சான்றிதழ் ஒன்பதும் செல்லாது. அன்று கருவியில் சத்தமே வரவில்லை, அதை நான் கவனிக்கவில்லை. பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். இந்த வருடம் இங்கே சோதித்தவர்கள், சோதிக்கப் போகிறவர்கள் எல்லோரையும் வேறு இடத்தில், வேறு சொற்களைக் கொண்டு சோதியுங்கள். கீழே என் பெயர், பதிவு எண். எண்ணை எழுதும்போது அப்பாவின் சட்டைப் பை ஞாபகம் வந்தது. அனுப்பவில்லை. ஒரு நாள் முழுக்கக் கைப்பேசியில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, நிலையத்தின் படியேறும்போது அனுப்பினேன். மேல்படிக்கு வரும்போது போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது.

அப்பா சலவைச் சட்டையில் வந்திருந்தார். முன்மேசை அக்காவிடம், “என் பொண்ணு” என்று என்னைக் காட்டினார். பதினோரு மாதமாக என்னோடு டீ குடிக்கிற அக்கா, “அப்படியா!” என்று ஆச்சரியப்பட்டு அவரைச் சந்தோஷப்படுத்தினாள்.

நான் சாரைக் கூப்பிட்டேன். “ஒரு தடவை பக்கத்துல உட்காருங்க சார். அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

வந்து உட்கார்ந்தார். நான் அப்பாவுக்கு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வெளியே வந்து, சார் பார்க்கப் பார்க்க அதன் ஒயரைக் கணினியிலிருந்து பிடுங்கினேன். முனை மேசை மேல் கிடந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தொடங்கு பொத்தானை அழுத்தினேன்.

அப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ‘ஒண்ணும் கேக்கலையே பாப்பா’ என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. விளக்கு எரிந்தது.

“மரம்,” என்றார் அப்பா. 

கடல். படி. வாசல். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை விளக்கிலேயே வைத்திருந்தார். சார் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஒயரை, பிறகு கண்ணாடிக்குள். செருப்பு. குடை. மழை.

அப்பா தொண்டையைச் செருமினார். அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார்.

சாருடைய கை மேசை விளிம்பைப் பிடித்தது.

நகம். வீடு வரைக்கும் போனார் அப்பா. பிறகு தானே “போதும்” என்று சொல்லி ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

நான் கதவைத் திறந்து அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். “இன்னைக்குச் சத்தம் எப்படிப்பா இருந்துச்சு?”

“எப்பவும் போலத்தான்,” என்றார்.

வெளியே உட்காரச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். சார் அழுதுகொண்டிருந்தார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. பதினோரு மாதத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“அந்த இருமல்தான் முதல் இருமல்,” என்றார். “அதுக்கு முன்னாடி அவ இருமி நான் பாத்ததில்ல. இன்னொரு தடவை பதிவு பண்ணலாம்னேன். யாரு கவனிக்கப் போறான்னு சொல்லிட்டா. நாலு மாசத்துல போயிட்டா.” கண்ணாடி அறையைப் பார்த்தார். “ஒயரைப் பிடுங்கிட்டியே, அவருக்கு அவ குரல் கேக்கவே இல்லையேம்மா. அப்புறம் எப்படி அப்படியே...? நாற்காலியைக் கூட நகர்த்தினாரு, பாத்தியா?”

“சார், அவரு கிரேன் ஓட்டுறாரு. அவருக்குக் கீழ ஆளுங்க நடக்கிறாங்க.”

“இவ்வளவு பேருகிட்ட அவ இருக்கா. இதைப் போய் மாத்தச் சொல்றியே.”

“உங்களுக்கு நான் சொல்றது கேக்குதா சார்?”

அவருக்குக் கேட்கவில்லை. சான்றிதழ்ப் புத்தகத்தை இழுத்து, என் கையெழுத்துக்கான இடத்தில் தன் கையெழுத்தையே போட்டார். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. என்னிடம் நீட்டினார். “உங்கப்பாவுக்குக் குடு. நல்ல மனுஷன்.”

நான் வாங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, எட்டு மாதமாக அதில் கிடந்த காதுக் கருவியை எடுத்து மேசை மேல் வைத்தேன். கடிதம் அனுப்பிவிட்டேன் என்றேன். யாருக்கு, என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். முகத்துக்கு நேராக, உதட்டைத் தெளிவாக அசைத்து, அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பழைய ஒலிபெருக்கியின் ஒயரை எடுத்துக் கணினியில் சொருகிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்து அப்பா எழுந்தார். ஷெட் ஆட்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தார்கள்.

“பாஸா பாப்பா?” காது போனவர்கள் பேசுகிற சத்தத்தில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இல்லப்பா,” என்றேன். 

உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னது?” என்றார்.

வீட்டில் கேட்காததைக் கேட்டதாகச் சொல்லிச் சிரிப்பவர், இந்த ஒரு தடவை கேட்டதைக் கேட்கவில்லை என்றார். நான் அதை இன்னொரு முறை சொல்லவில்லை. முன்மேசையில், எனக்கு முன்னால் இருந்தவள் விட்டுப்போன டீ கப்பைப் பார்த்தேன். அக்கா அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

உள்ளே ஒலிபெருக்கியில் அந்தம்மா ஆரம்பித்தார். மரம். கடல். படி. பெஞ்சில் இருந்தவர்களின் உதடுகள் தாமாக அசைந்தன. அப்பா மட்டும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்தேன். ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

கதவைத் தள்ளிப் படியில் இறங்கினேன். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாக ‘மழை’ என்றது குரல்.

இருமலுக்கு நான் காத்திருக்கவில்லை.